24 வயசு, டிகிரி இல்லை, கையில் ஒரு நோட்டு



1912 பிப்ரவரி 9ஆம் தேதி, திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு வேலை விண்ணப்பம் போனது. கேட்டது கிளார்க் வேலை. சுருக்கமான கடிதம். மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலை சரியில்லாததால் மேலே படிக்க முடியவில்லை, அதற்குப் பிறகு முழு நேரமும் கணிதத்திலேயே இருக்கிறேன், வேலை கொடுத்தால் சரியாகச் செய்வேன் என்கிற மாதிரி நாலைந்து வரிகள். எஃப்.ஏ. என்பது அந்தக் காலத்து இன்டர்மீடியட். அதில் அவர் தேறவில்லை. வயது 24. கல்யாணமும் ஆகியிருந்தது.

கீழே கையெழுத்து எஸ். ராமானுஜன். ஆமாம், அந்த ராமானுஜன்தான்.

கணித மேதையோட கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், சினிமாவே வந்தாச்சு. ஆனா வேலை தேடின ராமானுஜனைப் பத்தி யாரும் நமக்குச் சொல்றதில்லை. கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி மூணு வருஷத்துக்கு மேல அவர் ஒரு நோட்டைக் கக்கத்தில் வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கதவாப் போய் நின்னார். இந்த வாரம் அந்தக் கதையை எடுத்ததுக்குக் காரணம் நீங்கதான்.

ஒவ்வொரு வருஷமும் காலேஜ் திறக்கிற சமயத்தில், பேர்லேண்ட் மீனாட்சி கோவிலில் சாமி கும்பிட்டுட்டு கேன்டீனில் தோசைக்கு டோக்கன் வாங்கி நிக்கும்போது ரெண்டு பேராவது வந்து பிடிச்சுக்குவாங்க. "அங்கிள், போர்ட்ஃபோலியோல என்ன போடணும்?" "அங்கிள், ரெக்கமண்டேஷன் லெட்டர் யார்கிட்ட கேக்கறது?" (எனக்கு இன்னும் நாற்பது ஆகலை. அண்ணான்னு கூப்பிட்டா இன்னும் நல்லா பதில் சொல்வேன்.) ரெண்டையும் தனித்தனி கேள்வியாத்தான் கேக்கறாங்க. முதல் கேள்விக்கு யூடியூப்பில் பதில் தேடறாங்க. ரெண்டாவதைக் கேக்கறதுக்கே கூச்சப்பட்டு, கடைசி நாளுக்கு மூணு நாள் முன்னாடி புரொஃபசருக்கு ஒரு மெயில் தட்டி விடறாங்க. எனக்கு இது ரெண்டும் ஒரே கேள்வி. உங்க வேலையை ஒருத்தர் கண்ணால பார்த்தாத்தான் உங்களைப் பத்தி எழுத அவருக்கு ஏதாவது கிடைக்கும். போர்ட்ஃபோலியோவை முதலில் பார்க்க வேண்டியது கம்பெனிக்காரன் இல்லை, உங்களுக்காக லெட்டர் எழுதப் போறவர்.

1910ஆம் வருஷக் கடைசி. ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது பெரிய உதவி இல்லை, ஏதாவது ஒரு ஆபீஸில் சின்ன குமாஸ்தா வேலை. கூடவே நோட்டைக் காட்டினார். ராமசாமி ஐயர் அதைப் புரட்டிப் பார்த்தார், வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் போட்டு இந்தத் திறமையை அமுக்கிவிட மனசு வரவில்லை என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அதற்குப் பதிலாக ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் பி.வி. சேஷு ஐயர், கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனை முன்பே அறிந்த பேராசிரியர். அவர் இன்னொரு கடிதம் கொடுத்து, நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார்.

இதில் யாருமே ராமானுஜனுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஒவ்வொருத்தரும் நோட்டைப் பார்த்தார்கள், தன்னால் முடிந்தது எதுவரை என்று தெரிந்துகொண்டார்கள், அடுத்தவரிடம் அனுப்பினார்கள். கேட்ட வேலை முதல் கதவில் கிடைத்திருந்தால் அந்தச் சங்கிலியே இருந்திருக்காது.

ராமச்சந்திர ராவ் அந்தச் சந்திப்பைப் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். குள்ளமான, பருமனான உருவம், சவரம் செய்யாத முகம், பளிச்சென்ற கண்கள், கையிடுக்கில் நைந்துபோன நோட்டு. பார்த்ததும் ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் சரியா தவறா என்று சொல்லும் அளவுக்குத் தனக்குக் கணிதம் போதவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார். ராமானுஜன் மறுபடி வந்தார். இந்தத் தடவை எடுத்ததும் பெரிய விஷயங்களைக் காட்டவில்லை. எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு புரியும் என்று பிடித்துக்கொண்டு, எளிமையான சில முடிவுகளை முதலில் காட்டினார். அவை அப்போது அச்சில் இருந்த புத்தகங்களையே மிஞ்சியவை என்று ராவுக்குப் புரிந்துபோனது. அங்கிருந்து படிப்படியாக நீள்வட்டத் தொகையீடுகள் வரைக்கும், கடைசியில் உலகத்துக்கு இன்னும் சொல்லாத தன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்புகள் வரைக்கும் அழைத்துப் போனார். என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம் இருந்தால் ஆராய்ச்சியைத் தொடரலாம் என்றார். மாதம் 25 ரூபாய் ராவின் கையிலிருந்து வர ஆரம்பித்தது.

ரெண்டாவது தடவை வரிசையை மாத்தினார் பாருங்க, அங்கே நின்னு யோசிங்க. நோட்டு அதே நோட்டுதான். எந்தப் பக்கத்தை முதலில் திறக்கணும்ங்கறதுதான் மாறினது.

நோட்டிலும் ஒரு குறை இருந்தது. அதில் பெரும்பாலும் விடைகள் மட்டுமே இருக்கும், அங்கே எப்படி வந்தார் என்பது இருக்காது. 1911இல் அவருடைய முதல் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, இந்தியக் கணிதக் கழக இதழில் வந்தது. அதை அச்சேற்ற இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் ரொம்பப் பாடுபட்டார். முறைகள் புதுசு, எழுத்து மிகச் சுருக்கம், வழக்கமான கணித வாசகனால்கூடப் பின்தொடர முடியாது என்பது அவர் கருத்து. அதனால் கையெழுத்துப் பிரதி பல தடவை ஆசிரியருக்கும் ராமானுஜனுக்கும் இடையில் போய் வந்தது. அடுத்த வருஷம் லண்டனிலிருந்து பேராசிரியர் எம்.ஜே.எம். ஹில் அனுப்பிய பதிலும் ஏறத்தாழ அதே ரகம்தான்: ஆர்வமும் திறமையும் தெரிகிறது, ஆனால் விரியும் தொடர்களில் வழுக்கியிருக்கிறார், இந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

நம்ம பாஷையில் சொன்னா, ரீட்மீ இல்லாத கிட்ஹப் ரெப்போ. கோட் ஓடுது, ஆனா ஏன் ஓடுதுன்னு எழுதலை. ராமானுஜனுக்கே பத்தாதுன்னா நமக்கு எப்படிப் பத்தும்?

போன வருஷம் ஒரு பொண்ணு தன்னோட ரெஸ்யூமேயைக் காட்டினா. கம்ப்யூட்டர் சயன்ஸ், மூணாவது வருஷம். பிராஜெக்ட்ஸ்னு தலைப்பு போட்டு அஞ்சு இருந்தது. டைட்டானிக் கப்பலில் யார் பிழைப்பாங்கன்னு கணிக்கிற மாடல், வானிலை ஆப், டூ-டூ லிஸ்ட், இன்னும் ரெண்டு. எல்லாமே டுடோரியலைப் பார்த்துச் செஞ்சது. இதை லட்சம் பேர் செஞ்சிருப்பாங்க. பேச்சுவாக்கில் இன்னொண்ணு வெளியே வந்தது. அவங்க அம்மா ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கறாங்க. அங்கே வருகைப் பதிவும், டீச்சர் வராத நாளில் யார் மாற்றுன்னு பாக்கறதும் வாட்ஸ்அப்பில் குழம்பிக் கிடந்திருக்கு. இவ உக்காந்து ஒரு சின்ன வெப் ஆப் எழுதியிருக்கா. எட்டு டீச்சர் ஒரு வருஷமா அதைப் பயன்படுத்தறாங்க.

"இது ஏன் ரெஸ்யூமேல இல்லை?"

"அது சும்மா அம்மாவுக்காகச் செஞ்சது அங்கிள்."

எதெல்லாம் உடைஞ்சுதுன்னு கேட்டேன். கண்ணு விரிஞ்சு பேச ஆரம்பிச்சா. ஒரே வகுப்பில் ஒரே பேரில் ரெண்டு பசங்க. தமிழில் ஒரு ஸ்பெல்லிங், பள்ளிக்கூடப் பதிவில் இங்கிலீஷில் வேற ஸ்பெல்லிங். ஒரு டீச்சருக்கு போன்ல எதுவும் பண்ணப் பிடிக்காது, தாளில்தான் வேணும், அதனால பிரிண்ட் எடுக்க ஒரு பக்கம். இருபது நிமிஷம் நிறுத்தாம பேசினா. போர்ட்ஃபோலியோன்னா அந்த இருபது நிமிஷம்தான். டைட்டானிக்கைத் தூக்கச் சொன்னேன். வீட்டுக்காகச் செய்யறதை நாமளே கணக்கில் சேர்க்க மாட்டோம். இது நம்ம ஊர்ப் பழக்கம்.

ஐடியா இல்லைன்னு சொல்றவங்களுக்கு, நாம இருக்கிற இடத்தையே கொஞ்சம் பாருங்க. 2024 ஜூலை 8ஆம் தேதி பெரில் புயல் வந்தப்போ ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. எங்கே கரண்ட் இருக்குன்னு காட்ட ஒழுங்கான மேப் எதுவும் இல்லை. ஜனங்க என்ன செஞ்சாங்க? வாட்டபர்கர் ஆப்பைத் திறந்து, எந்தக் கடை திறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு பார்த்து, அந்தப் பக்கம் கரண்ட் இருக்கான்னு கண்டுபிடிச்சாங்க. பர்கர் கடை மேப் ஊருக்கே மின்தடை மேப் ஆயிடுச்சு. இருக்கிற டேட்டாவை வேற கேள்விக்குத் திருப்பற அந்தப் புத்திதான் ஒரு நல்ல பிராஜெக்ட். கிளியர் க்ரீக் நீர்மட்டத்தை யு.எஸ்.ஜி.எஸ். இணையத்தில் சும்மாவே தருது. ஹார்வி வெள்ளத்தை நினைவில் வெச்சிருக்கிற ஒரு பேர்லேண்ட் பிள்ளைக்கு அதில் கேட்க ஒரு கேள்வி கூடவா இருக்காது?

கிட்ஹப் முகப்பில் ஆறு ரெப்போதான் பின் பண்ண முடியும். ஆறையும் நிரப்பணும்னு கட்டாயம் இல்லை, ரெண்டு நல்லா இருந்தாப் போதும். ஒவ்வொண்ணுக்கும் ரீட்மீயில் யாருக்காகச் செஞ்சீங்க, என்ன உடைஞ்சுது, எதை வேணும்னே விட்டீங்கன்னு எழுதுங்க. ஹோம்வொர்க் விடைகளைப் பொதுவில் போடாதீங்க. நிறைய யூனிவர்சிட்டிகளில் அது விதிமீறல், லெட்டர் கேக்கப் போற அதே புரொஃபசரோட பாடமா இருந்தா இன்னும் வம்பு. ஏஐ எழுதின கோட் இருந்தா இருக்கட்டும். ஆனா எந்த வரியைக் காட்டி "இது ஏன்?"னு கேட்டாலும் பதில் உங்க வாயிலிருந்து வரணும்.

சரி, லெட்டருக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். சாதாரண சாஃப்ட்வேர் வேலைக்குப் பெரும்பாலான கம்பெனிகள் லெட்டர் கேக்கறதில்லை. பேர், போன் நம்பர் வாங்கிக்கிட்டு கடைசியில் கூப்பிட்டுப் பேசுவாங்க. லெட்டர் தேவைப்படறது ஸ்காலர்ஷிப், கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்கள், மாஸ்டர்ஸ், பிஎச்டி. தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்து நடத்தற ஆர்.இ.யூ. திட்டங்கள் அந்த வகை. அதுக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேணும், எச்-4இல் இருக்கிற தம்பி தங்கச்சிங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு வேற வழி பாருங்க. பல திட்டங்களுக்குக் கடைசித் தேதி ஜனவரி, பிப்ரவரியில் வரும். அதனால தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியே கேட்டுடணும்.

நல்ல லெட்டர் எப்படி இருக்கும்? துறைமுக விண்ணப்பத்தோடு ராமானுஜன் ஒன்று வைத்திருந்தார். எழுதியவர் பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஈ.டபிள்யூ. மிடில்மாஸ்ட். அசாதாரணத் திறமை என்று சொன்னதோடு நிறுத்தாமல், எண்களைக் கையாள்வதிலும் கூட்டிக் கழித்துக் கணக்குப் போடுவதிலும் வேகமானவர் என்றும் எழுதினார். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறவனுக்குத் தேவை அந்த இரண்டாவது வாக்கியம். மார்ச் 1ஆம் தேதி வேலை கிடைத்தது, சம்பளம் மாதம் 30 ரூபாய்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த வருஷத்துக் கடிதம். 1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். முன்னாள் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ. துறைமுகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்கு ராமானுஜனின் வேலையைக் காட்டினார். 26ஆம் தேதி வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். சாரம் இது. புதுமையைப் பொறுத்தவரை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோவின் வேலையோடு ஒப்பிடலாம். முழுமையும் துல்லியமும் இன்னும் போதவில்லை. இந்தப் பிரிவு என் துறை அல்ல, ஆகவே இவர் திறமையை என்னால் சரியாக அளந்து சொல்ல முடியாது. ஆனால் சில வருஷங்களுக்காவது பிழைப்புக் கவலை இல்லாமல் இவர் கணிதம் மட்டும் செய்ய பல்கலைக்கழகம் வழிசெய்தால் அது நியாயமே.

யாரோடு ஒப்பிடறார்னு சொல்லிட்டார், குறையையும் மறைக்கலை, தனக்குத் தெரியாத எல்லையையும் ஒத்துக்கிட்டார், கடைசியில் என்ன செய்யணும்னு நேராக் கேட்டுட்டார். டிகிரியே இல்லாத ஒரு கிளார்க்குக்கு மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷ ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்" வகைக் கடிதத்துக்கு இது கிடைத்திருக்காது. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வந்த 300க்கும் மேற்பட்ட சிபாரிசுக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் ஒரு ஆய்வு வந்தது. பெண்களுக்கு எழுதினவை சராசரியா நீளம் குறைவு, திறமையை விட உழைப்பைப் புகழும் சொற்கள் அதிகம்னு அதில் சொன்னாங்க. தங்கச்சிங்க இதைக் கவனிங்க. "நல்லா உழைப்பா"ன்னு எழுத ஆள் தாராளமாக் கிடைக்கும். "இதைக் கண்டுபிடிச்சா"ன்னு எழுதணும்னா அவங்க கையில் நீங்கதான் விஷயத்தைக் கொடுக்கணும்.

இங்கே வீட்டில் ஒரு சின்னச் சண்டை வரும். "பெரிய ஆளாப் பாரு, நாசாவில் நம்ம சித்தப்பாவோட ஃபிரெண்டு இருக்காரே"ன்னு அப்பா சொல்வார். அவர் கிளியர் லேக்கில் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், உங்களைப் பொங்கல் விழா மேடையில் மட்டும்தான் பார்த்திருக்கார். 200 பேர் வகுப்பில் ஏ வாங்கின புரொஃபசரும் ஏறக்குறைய அதே கதைதான், உங்க கிரேடைத்தான் திருப்பி எழுத முடியும். அதே வகுப்பில் லேப் எடுத்து, உங்க பக்கைத் தேட ராத்திரி பதினொண்ணு வரைக்கும் கூட உக்காந்த விரிவுரையாளர் பெரிய பேர் இல்லாதவரா இருக்கலாம், அவர்தான் ஆள். அப்பா அம்மா இன்னொண்ணும் சொல்வாங்க: "நீயே எழுதிட்டுப் போ, கையெழுத்துப் போட்டுத் தருவாங்க." அவங்க படிச்ச காலத்தில் நிறைய காலேஜ்ல எச்.ஓ.டி. அப்படித்தான் செஞ்சார். இங்கே அதைக் கேக்கறதே தப்பாப் போகலாம்.

"யார்கிட்டயும் போய் நிக்காதே"ன்னு சொல்லி வளர்த்த வீடுகள் நம்ம வீடுகள். இந்தக் கூச்சம் கெட்டது இல்லை, ஆனா அதுக்குக் கொடுக்கிற விலை பெருசு. எனக்கு ரெண்டையும் பக்கத்துல இருந்து தெரியும். காண்ட்ராக்டர் பொழப்பு, எட்டு மாசமோ ஒன்றரை வருஷமோ, பிராஜெக்ட் முடிஞ்சா மறுபடி ரெஃபரன்ஸ். நான் எழுதின கோட் எதுவும் எனக்குச் சொந்தம் இல்லை, யாருக்கும் காட்ட முடியாது. அதனால ஒவ்வொரு இடத்திலும் கடைசி வாரத்தில் மேனேஜரிடம் காபிக்குப் போய், "நான் இங்கே செஞ்சதில் உங்களுக்கு எது உதவியா இருந்தது?"ன்னு கேப்பேன். அவர் சொல்றதை அன்னைக்கே எழுதி வெச்சுக்குவேன். பல தடவை நான் பெருசா நினைச்சதை அவர் சொல்லவே மாட்டார்.

கேக்கும்போது மூணு, நாலு வாரம் அவகாசம் கொடுங்க. "எனக்காக வலுவான கடிதம் எழுத உங்களால் முடியுமா?"ன்னு கேளுங்க. "வலுவான"ங்கிற வார்த்தை முக்கியம், முடியாதவர் மரியாதையா விலகிக்க அது ஒரு வாசல். அவர் சரின்னா ஒரு பக்கம் அனுப்புங்க. எந்தத் திட்டம், கடைசித் தேதி, எங்கே ஏத்தணும், அவரோட வகுப்பில் நீங்க செஞ்சதில் அவர் நேரில் பார்த்த மூணு விஷயம், ரெப்போ லிங்க், ரெஸ்யூமே. கிரேடு, ஜிபிஏ குறிப்பிடணும்னா எழுத்தில் உங்க சம்மதம் வேணும். 1974இல் வந்த ஃபெர்பா சட்டம் உங்க பதிவுகளை உங்க கையில் கொடுத்திருக்கு. அதே சட்டத்தின்படிதான் "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்"னு ஒரு டிக் பாக்ஸ் வரும். டிக் பண்ணுங்க. பண்ணலைன்னா படிக்கிறவருக்கு லெட்டர் மேல நம்பிக்கை குறையும். பதில் வரலைன்னா பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல்.

பதிலே வராமலும் போகும். ஹார்டிக்கு எழுதறதுக்கு முன்னாடி கேம்பிரிட்ஜிலேயே பேக்கர், ஹாப்சன்னு ரெண்டு பேருக்கு ராமானுஜன் எழுதினார், ஒண்ணும் நடக்கலை. 1913 ஜனவரி 16ஆம் தேதி மூணாவது ஆளுக்கு எழுதினார். நான் ஒரு துறைமுகக் கிளார்க், இவ்வளவு சம்பளம்னு நேரா ஆரம்பிச்சு, கூடவே பக்கம் பக்கமாத் தேற்றங்களை இணைச்சார். (அதில் வயசு சுமார் 23ன்னு போட்டார், அப்போ அவருக்கு 25. பேக்கிரவுண்ட் செக் இருக்கிற நாட்டில் நீங்க இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்.)

அந்தத் தமிழ்ப் பள்ளி ஆப் எழுதின பொண்ணு லெட்டர் கேட்டது டேட்டாபேஸ் பாடம் எடுத்தவர்கிட்ட. ஒரே பேரில் ரெண்டு பசங்க வந்த சிக்கலைத்தான் மெயிலோட முதல் பத்தியில் எழுதினா. வியாழக்கிழமை ஆபீஸ் நேரத்துக்கு லேப்டாப்போட வரச் சொல்லி ரெண்டே வரியில் பதில் வந்தது.

உங்ககிட்டயும் அப்படி "சும்மா செஞ்சது" ஏதாவது இருக்கும். ரீட்மீ எழுதி இந்த மெயிலுக்கு ரிப்ளையா அனுப்புங்க, அடுத்த எபிசோடுக்கு முன்னாடி வர்றதை எல்லாம் படிச்சிடறேன். புரியலைன்னா, ராமச்சந்திர ராவ் மாதிரி, இன்னொரு நாள் வரச் சொல்வேன்.